கழிவென்று கற்பித்த காற்று

திருக்கோவிலிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியிலே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர் கோமாரி. அவ்வூருக்கு விஞ்ஞானம் கற்பிக்க வந்த நாள் முதலாகக் குருதிச் சுற்றோட்டம் என்னும் பாடத்தை ஆண்டுதோறும் ஒரே விதமாகவே நடத்தி வந்தேன். கரும்பலகையில் இதயத்தை வரைவேன். வலப்பக்கத்துக்கு நீலச் சுண்ணக்கட்டி, இடப்பக்கத்துக்குச் சிவப்பு. ஒட்சிசன் உணவு, காபனீரொட்சைட்டு கழிவு. குருதி முன்னதை வீடுதோறும் கொடுத்துப் பின்னதைக் குப்பை வண்டிபோல அள்ளி வருகிறது என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வர். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. சுவாசம் என்னும் பகுதி வந்ததும் வகுப்பை எழுந்து நிற்கச் சொல்லி, ஆழமாகப் பத்து முறை மூச்சை இழுத்து விடச் செய்து, "இப்பொழுது உங்கள் குருதி முழுவதும் ஒட்சிசன் நிறைந்திருக்கிறது" என்று முடிப்பது என் வழக்கம். வகுப்பறையிலே நான் சொன்ன எத்தனையோ வாக்கியங்களை மாணாக்கர் மறந்திருப்பர். இந்த ஒன்றை மட்டும் ஒருவன் மறக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஓகஸ்ற் விடுமுறையில் நடந்தது இது. மழை இல்லாத காலமாதலால் களப்பின் வாயை மணல் அடைத்திருந்தது. உட்புறத்தே ஓர் ஆள் ஆழத்துக்குச் சற்று மேலாக நீர் தெளிந்து நின்றது. பத்தாந் தரத்துப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, நீருக்கடியில் எவன் அதிக நேரம் இருப்பான் என்று பந்தயம் வைத்தனர். என் மாணாக்கன் தன்னுடைய முறை வந்தபோது கரையிலே நின்று முப்பது நாற்பது தடவை மூச்சை இழுத்து இழுத்து விட்டானாம். "சேர் சொன்னவர், இப்பிடிச் செய்தா இரத்தத்தில ஒட்சிசன் நிறையும்" என்று மற்றவர்களுக்கும் விளக்கினானாம். பிறகு மூழ்கினான். மற்றவர்கள் எண்ணினர். நூறு எண்ணியபோது கை தட்டினர். நூற்றிருபதில் ஒருவன் அச்சங்கொண்டு கத்தினான். நீரிலே ஒரு குமிழி இல்லை, ஓர் அசைவு இல்லை.

அண்மையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பாய்ந்து அவனைத் தூக்கினார். பொத்துவிலைச் சேர்ந்த அவரை ஊரிலே சிறியோர் பெரியோர் யாவரும் காக்கா என்றே அழைப்பர். இளமையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடியவர். அவர் இல்லாதிருந்தால் இக்கட்டுரையை எழுதும் மனநிலை எனக்கு இருந்திராது. பையன் பிழைத்தான். அன்றிரவு வைத்தியசாலைக் கட்டிலருகே நான் இருந்தேன். அவன் சொன்ன சொற்கள்தாம் என்னை மீண்டும் மாணாக்கனாக்கின.

"எனக்கு மூச்சு முட்டவே இல்ல, சேர். நல்லாத்தான் இருந்திச்சு. பிறகு என்ன நடந்ததெண்டு தெரியா."

மூச்சுத் திணறியிருந்தால் மேலே வந்திருப்பான், திணறவில்லை என்கிறான். குருதியிலே ஒட்சிசன் தீர்ந்து நினைவிழந்தவனுக்கு, தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதே தெரியாமற் போனது எவ்வாறு? என் பாடத்தின்படி இப்படி நடக்கவே கூடாது. நான் கற்பித்த உடலிலே ஒட்சிசன் எசமான், காபனீரொட்சைட்டு குப்பை. எசமான் குறைந்தால் உடலல்லவா கூக்குரலிட வேண்டும்?

வீட்டுக்குத் திரும்பிப் பழைய நூல்களையும் புதிய நூல்களையும் புரட்டினேன். என் கணக்கு இரண்டு இடங்களிலே பிழைத்திருந்தது. முதலாவது, ஆழமாக மூச்சிழுப்பதால் குருதியில் ஒட்சிசன் நிறையும் என்றது. இரண்டாவது, காபனீரொட்சைட்டைக் கழிவென்று சொல்லி நிறுத்தியது. இரண்டாவதே பெரிய பிழை. ஆனாலும் முதலாவதைத் தெளிந்தாலன்றி அது விளங்காது.

நீரிலே ஒட்சிசன் கரைவது மிகச் சொற்பம். செங்குழியங்கள் மிதக்கும் வெளிர்மஞ்சள் நீரை மட்டும் எடுத்துக்கொண்டால், சுவாசப்பையைக் கடந்து வரும் 100 மில்லிலீற்றரில் 0.3 மில்லிலீற்றர் ஒட்சிசனே கரைந்திருக்கும். சும்மா அமர்ந்திருக்கும் மனிதனுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் வேண்டும். கரைந்த ஒட்சிசனை மட்டும் நம்பியிருந்தால், நிமிடத்துக்கு 5 இலீற்றர் குருதியை இறைக்கும் நம் இதயம் 80 இலீற்றருக்கு மேல் இறைக்க வேண்டியிருக்கும். நாலு பேர் ஏற்றமிட்டாலும் ஆகாத வேலை அது. இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பது ஈமோகுளோபின் என்னும் புரதம். அது இருப்பதனால் அதே 100 மில்லிலீற்றர் குருதி 20 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கிறது. ஏறக்குறைய எழுபது மடங்கு.

ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் செங்குழியங்கள் ஏறத்தாழ 50 இலட்சம். அவற்றில் ஒவ்வொன்றினுள்ளும் ஈமோகுளோபின் மூலக்கூறுகள் 27 கோடி அளவில் உள்ளன என்பர். ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு துண்டுகள் சேர்ந்தது, துண்டுக்கோர் இரும்பணு, அவ்விரும்பணு ஒவ்வொன்றும் ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றைப் பற்றும். இரும்பு துருப்பிடிப்பது போன்றதன்று இது. துருவிலே இரும்பும் ஒட்சிசனும் பிரியாதபடி கட்டுண்டு போகின்றன. இங்கோ பற்றியதை விடவும் வேண்டும். விடத் தெரியாத சுமையாளியால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை.

இப்பொழுது என் பிழைக்கு வருகிறேன். சாதாரணமாக மூச்சு விடும் நலமுள்ள மனிதனின் சுவாசப்பையிலிருந்து வெளிவரும் குருதியிலே, நூறு இரும்பணுக்களில் தொண்ணூற்றேழு ஏற்கனவே ஒட்சிசனைப் பற்றிக்கொண்டிருக்கும். நூறு பேருக்கு இடமுள்ள வள்ளத்தில் தொண்ணூற்றேழு பேர் ஏறியபின், கரையிலே ஆயிரம் பேர் நின்றென்ன, பதினாயிரம் பேர் நின்றென்ன? என் மாணாக்கன் இழுத்த நாற்பது மூச்சும் குருதியில் ஏற்றிய ஒட்சிசன் மூன்று பேர் அளவுதான். ஆனால் அந்த நாற்பது மூச்சு வெளியேற்றியது என்ன என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவன் உடலிலிருந்த காபனீரொட்சைட்டை அது வாரி வெளியே எறிந்துவிட்டது.

எறிந்தால் என்ன, கழிவுதானே என்பீர். அங்கேதான் இருக்கிறது செய்தி.

1905ஆம் ஆண்டிலே ஹோல்டேன், பிறீஸ்ற்லி என்னும் இரு பிரித்தானிய அறிஞர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டனர். (இவர் ஒட்சிசனைக் கண்ட பழைய பிறீஸ்ற்லி அல்லர், வேறொருவர்.) மனிதன் எவ்வளவு வேகமாக மூச்சு விடுவதென்பதை உடலுக்குள்ளே எது தீர்மானிக்கிறது என்பதே அக்கேள்வி. சுவாசப்பையின் ஆழத்திலுள்ள காற்றைப் பிடித்து அளக்க எளிய வழியொன்றை அவர்கள் கண்டிருந்தனர். காற்றழுத்தம் குறைந்த பென் நெவிஸ் மலையுச்சியிலும், அழுத்தம் மிகுந்த கோர்ன்வால் சுரங்கத்தின் அடியிலும் அதனை அளந்தனர். ஒட்சிசனின் அழுத்தம் இடத்துக்கிடம் மாறியது. காபனீரொட்சைட்டின் அழுத்தமோ எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றது. அதாவது, உடல் கண்ணுங்கருத்துமாகக் காத்து நிற்பது காபனீரொட்சைட்டின் அளவையே. அது சற்று ஏறினால் மூச்சு விரைகிறது. சற்று இறங்கினால் மூச்சு தணிகிறது. மூளை முண்ணாணோடு சேருமிடத்திலே இருந்து மூச்சை ஆளும் நரம்புக் கூட்டம், காபனீரொட்சைட்டினால் குருதியில் ஏறும் அமிலத்தையே முதன்மையாகக் கேட்கிறது. ஒட்சிசன் குறைவதை உணரும் சிற்றுறுப்புகளும் கழுத்து நாடிகளில் உண்டு. அவற்றை ஆராய்ந்த கோர்னே ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆயின் அவை ஒட்சிசன் வெகுவாகக் குறைந்த பின்னரே வாய் திறப்பன. அப்பொழுதும், காபனீரொட்சைட்டு தாழ்ந்திருக்குமாயின், அவற்றின் குரல் மெலிந்தே ஒலிக்கும்.

களப்பின் அடியிலே நடந்தது இப்பொழுது விளங்கும். நீரில் மூழ்கியவனுக்கு "மேலே வா" என்று சொல்வது காபனீரொட்சைட்டு. அதனைக் கரையிலேயே அவன் ஊதித் தள்ளிவிட்டான். தசைகள் அதனை மறுபடி ஆக்கி, எச்சரிக்கும் அளவுக்குச் சேர்க்க நேரம் எடுக்கும். ஒட்சிசனோ அதற்குக் காத்திராமல் செலவாகிக்கொண்டே போகும். எச்சரிக்கை வருமுன்னே ஒட்சிசன் மூளைக்குப் போதாத நிலை வந்துவிட்டது. விளக்கணைந்தாற் போல் நினைவு போயிற்று. காவற்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டியவன் கதை.

அமெரிக்க மருத்துவர் ஆல்பேர்ட் கிறெய்க் என்பவர், நீருக்கடியில் நீந்தும்போது நினைவிழந்தவர்களின் வரலாறுகளைத் திரட்டி 1961ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல நீச்சற்காரரே பெரும்பாலும் இதற்கு ஆளாயினர். முன்னதாக வேகமாக மூச்சிழுத்திருந்தனர். பிழைத்தவர்கள் தமக்குத் திணறல் தெரியவில்லை என்றே சொல்லினர். கட்டிலிலே கிடந்த பையன் என்னிடம் சொன்னதும் அதுதான். அச்செய்தி இத்தனை ஆண்டுகளாக அச்சிலே கிடக்க, நான் அறியாது கற்பித்தேனே என்பதுதான் என் வெட்கம்.

நிற்க. காபனீரொட்சைட்டு மூச்சை மட்டும் ஆள்வதாயின், அதனைக் காவற்காரன் என்று சொல்லி விட்டுவிடலாம். குருதி ஒட்சிசனை எங்கே இறக்குவது என்பதையும் அதுதான் சொல்லுகிறது. வீடு வீடாகச் சுமை இறக்கும் கூலியாள் எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று அறிவது எப்படி? ஓடுகின்றவனின் காற்றசைக்கு நிறைய வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் கைக்குக் கொஞ்சம் போதும். மூளையிலிருந்து கட்டளை எதுவும் ஈமோகுளோபினுக்குப் போவதில்லை.

1904ஆம் ஆண்டிலே கோப்பன்ஹேகனில் கிறித்தியன் போர் என்பவர், ஹசல்பல்க், குறோக் என்னும் இருவரோடு சேர்ந்து இதனை வெளிப்படுத்தினார். (அணுவின் அமைப்பைச் சொன்ன நீல்ஸ் போரின் தந்தை இவர்.) குருதியிலே காபனீரொட்சைட்டு மிகுந்தால் ஈமோகுளோபினின் பிடி தளர்கிறது, ஒட்சிசன் நழுவி விழுகிறது. உழைக்கும் தசைதான் மிகுதியான காபனீரொட்சைட்டை ஆக்குகிறது; ஆகவே உழைக்கும் தசையருகேதான் சுமை மிகுதியாக இறங்குகிறது. வீட்டு வாசலிலே கிடக்கும் சாம்பலைப் பார்த்து, "இங்கே அடுப்பெரிகிறது, விறகு வேண்டும்" என்று கூலியாள் அறிந்துகொள்வது போல என்க. அந்தச் சாம்பலைத்தான் நான் கழிவு என்று சொல்லிக் கடந்துவிட்டேன்.

அதன் பயணமும் வியப்புக்குரியது. தசையிலிருந்து புறப்பட்ட காபனீரொட்சைட்டு செங்குழியத்துள் நுழைந்ததும் நீரோடு சேர்ந்து காபோனிக் அமிலமாகிறது. தானாக விட்டால் மெல்ல நடக்கும் இவ்வேலையைக் கண்ணிமைக்கு முன் முடிக்கும் நொதியமொன்று செங்குழியத்தினுள் இருக்கிறது. அதனைக் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் 1930களின் தொடக்கத்திலே பிரித்தறிந்தனர். அவ்வமிலம் உடனே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்காகிய ஐதரசனை ஈமோகுளோபின் ஏற்று, பதிலுக்கு ஒட்சிசனை விடுகிறது. மற்றப் பங்காகிய இருகாபனேற்று, குழியத்தை விட்டு வெளியேறிக் குருதி நீரிலே கலந்து போகிறது. அது போன இடத்துக்குக் குளோரைட்டு உள்ளே வருகிறது. காபனீரொட்சைட்டின் பத்தில் ஏழு பங்கு இவ்வாறு இருகாபனேற்றாகவே பயணஞ் செய்கிறது. எஞ்சியதிலே பெரும்பகுதி ஈமோகுளோபினையே பற்றிக்கொண்டும், சிறு பகுதி வெறுமனே கரைந்தும் செல்கின்றன. சுவாசப்பையிலே எல்லாம் தலைகீழாக நடக்கின்றன. ஒட்சிசன் ஏற ஏற ஈமோகுளோபின் ஐதரசனைத் தள்ளிவிடுகிறது. அது இருகாபனேற்றோடு சேர, காபனீரொட்சைட்டு மீண்டும் வாயுவாகி வெளியேறுகிறது. இந்த மறுபாதியை 1914ஆம் ஆண்டிலே காட்டியவரும் முன் சொன்ன ஹோல்டேனும் அவர் கூட்டாளிகளுமே. ஒன்று ஏற மற்றது இறங்க, ஒன்று இறங்க மற்றது ஏற, ஒரே துலாவின் இரு தலைகள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். மிகையாக மூச்சிழுத்துக் காபனீரொட்சைட்டை இழந்த குருதியிலே ஈமோகுளோபினின் பிடி இறுகுகிறது. மூளைக்குச் செல்லும் நாடிகளும் சுருங்குகின்றன. ஆகவே என் மாணாக்கன் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டதாக எண்ணிய வேளையிலே, உள்ள ஒட்சிசனும் மூளையில் இறங்கத் தயங்கியது. வேகமாக மூச்சிழுத்தால் தலை சுற்றுவதேன் என்று இப்பொழுது தெரிகிறதல்லவா?

ஈமோகுளோபின் எவ்வாறு பிடிக்கிறது, எவ்வாறு விடுகிறது என்பதைக் கண்ணாற் காண ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஒஸ்திரியாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வந்த மக்ஸ் பெருட்ஸ் 1937ஆம் ஆண்டளவில் குதிரைக் குருதியின் ஈமோகுளோபின் பளிங்குகள் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே பிராகாவில் ஹௌரோவிற்ஸ் என்பவர் ஒரு வியப்பைக் கண்டார். ஒட்சிசன் இல்லாத ஈமோகுளோபின் பளிங்குகளை நுண்ணோக்கியில் பார்த்திருக்கையில், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அவை உடைந்து வேறு வடிவப் பளிங்குகளாயின. அப்படியானால் ஒட்சிசனைப் பற்றும்போது அந்த மூலக்கூறே உருமாறுகிறது. பெருட்ஸ் அதன் அமைப்பை வெளியிட இருபதாண்டுக்கு மேலாயிற்று; 1962ஆம் ஆண்டிலே கென்ட்ரூவோடு நோபல் பரிசைப் பகிர்ந்தார். நான்கு துண்டுகளில் ஒன்று ஒட்சிசனைப் பற்றினால் மூலக்கூறு முழுவதும் சற்றே திரும்பி மற்றவை பற்றுவதை எளிதாக்குகிறது. ஒன்று விட்டால் மற்றவையும் விடத் தலைப்படுகின்றன. குருதிக்குள்ளே இருக்கும் இம்மூலக்கூறும் ஒருவகையில் மூச்சு விடுகிறது.

என் நீலச் சுண்ணக்கட்டியையும் இங்கே கண்டிக்க வேண்டும். உடலைச் சுற்றித் திரும்பும் குருதி நீலமன்று, கருஞ்சிவப்பு. அதிலே ஒட்சிசன் இல்லையென்பதும் தவறு. ஓய்ந்திருக்கும் மனிதனின் திரும்பும் குருதியிலே நூற்றுக்கு எழுபத்தைந்து இரும்பணுக்கள் இன்னும் ஒட்சிசனைச் சுமந்தே வருகின்றன. அவசரத்துக்கென்று வைத்த சேமிப்பு அது.

பெயர்களும் நம்மை வழிதவறச் செய்கின்றனவோ என்று சில வேளை எண்ணுவேன். தமிழகத்தார் நீண்ட காலம் பிராணவாயு என்றும் கரியமில வாயு என்றும் எழுதினர். உயிரை ஒன்றுக்கும் கரியை மற்றதற்கும் சூட்டிய பின், கரிக்கு மதிப்பு எங்கிருந்து வரும்? நம் நாட்டுப் பாடநூல்களின் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் நாக்குக்குக் கடினமாயினும் பக்கச் சார்பற்றவை. அவற்றுக்குச் சார்பைச் சேர்த்தது நான்.

ஒட்சிசன் என்ற பெயரே பிறவாத காலத்தில், குருதி காற்றைச் சந்திக்கும் இடம் சுவாசப்பை என்று சொன்னவர் ஒருவர் இருந்தார். இதயத்தின் வலப்பக்கத்துக் குருதி நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகளால் இடப்பக்கம் செல்கிறது என்று கேலன் எழுதியதை உலகம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நம்பியிருந்தது. 13ஆம் நூற்றாண்டிலே திமிஷ்கில் கற்றுக் கெய்ரோவில் வைத்தியம் செய்த இப்னு அந்நபீஸ், இப்னு சீனாவின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை எழுதுகையில் அதனை மறுத்தார். அச்சுவரிலே துளையில்லை, குருதி சுவாசப்பைக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகே இதயத்தின் இடப்பக்கம் வருகிறது என்றார். 1288ஆம் ஆண்டிலே அவர் இறந்தார். குருதி உடல் முழுவதும் சுற்றுவதை ஹார்வி நிறுவியது 1628இல். இப்னு அந்நபீஸின் உரை ஜேர்மனியில் ஏட்டுப் பிரதியாகக் கிடந்ததை முஹ்யித்தீன் அத்ததாவி என்னும் எகிப்திய மருத்துவ மாணவர் எடுத்துக்காட்டியது 1924ஆம் ஆண்டில். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் விஞ்ஞானம் கற்கும் பிள்ளைகள் ஹார்வியோடு இப்பெயரையும் அறிந்திருத்தல் நன்று. எனினும் அவர் கண்டது வழியைத்தான். அவ்வழியில் எது போகிறது என்பதைச் சொல்ல உலகம் ஐந்நூறு ஆண்டு காத்திருந்தது.

ஏட்டறிவு இப்படியிருக்க, தொழிலறிவு வேறு வழியிலே போயிருந்தது. பையனைத் தூக்கிய காக்காவைச் சில நாட்களின் பின் சந்தித்து, நடந்ததன் காரணத்தை எனக்குத் தெரிந்தவாறு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கனக்க மூச்சிழுத்திட்டு இறங்கினாத் தலை சுத்தும், சேர். எங்கட வாப்பா ரெண்டு மூச்சுக்கு மேல எடுக்க விடமாட்டார். தனிய இறங்கவும் விடமாட்டார்" என்றார்.

காரணம் கேட்டேன். காரணம் சொல்ல அவருக்குத் தெரியவில்லை; வாப்பாவுக்கும் தெரிந்திராது.

மன்னார்க் குடாவின் முத்துச் சலாபங்களில் குளித்தவர்களும் அவ்வாறே தொழில் செய்தனர். அரிப்பு, சிலாபத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளுக்குக் கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், நம் வடபுலத்து முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் வந்து கூடினர். 1905ஆம் ஆண்டுச் சலாபத்திலே மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சுழியோடி காலைக் கல்லிலே வைத்து, கயிற்றோடு விரைந்து இறங்குவான். கல் அவனை இழுத்துச் செல்வதால் இறங்குவதற்கென்று ஒட்சிசனைச் செலவிட வேண்டியதில்லை. மேலே படகிலே கயிறு பிடிப்பவன் காத்திருப்பான். இருவர் இருவராகவே குளிப்பர். ஒருவன் மூழ்க மற்றவன் ஓய்ந்திருப்பான். கண்டவர்கள் எழுதிய குறிப்புகளைப் பார்த்தால், பெரும்பாலோர் அடியில் இருந்தது ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம் இருந்தவன் கெட்டிக்காரன். நூற்றிருபது எண்ணிக் கை தட்டும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. ஆயுள் முழுதும் கடலில் குளித்தவன் ஒரு நிமிடத்தில் மேலே வந்தான். சுறாவை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டி கரையில் இல்லையென்றால் நீரில் இறங்க மறுத்த அதே மனிதன், மூச்சு விடயத்தில் மந்திரத்தை நம்பவில்லை. மேலே கயிறு பிடித்தவனையே நம்பினான்.

இந்தக் காவற்காரன் ஏமாறும் இன்னோர் இடம் கிணறு. நீரை இறைத்துத் துப்புரவாக்க எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓடவிடுவோர் உண்டு. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்ளும். உள்ளே இறங்கியவன் மூச்சு விட்டுக்கொண்டேயிருப்பான். காபனீரொட்சைட்டு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டேயிருக்கும். ஆகவே திணறல் இராது. தலையிடி, மயக்கம், அவ்வளவே. அவனைத் தூக்க இறங்குபவனுக்கும் அதே கதி. இயந்திரம் கரையிலே நிற்க, குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

மறு ஆண்டு அப்பாடத்தை வேறு விதமாக நடத்தினேன். நடந்ததையும் என் பிழையையும் மறைக்காது சொன்னேன். பிள்ளைகளை இருக்கையில் அமர்த்தி, சாதாரணமாக மூச்சை அடக்கி, முதல் அந்தரிப்பு எப்பொழுது வந்தது, அது நெஞ்சிலா தொண்டையிலா வந்தது என்று எழுதச் சொன்னேன். அந்தரிக்க வைப்பது எது என்று கேட்டேன். யாவரும் ஒட்சிசன் குறைவு என்றனர். நானும் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன். விளக்கியபின், பின்வரிசையிலே இருந்த பெண்ணொருத்தி எழுந்தாள்.

"அப்ப முதலை, சேர்? அது மணித்தியாலக் கணக்கில தண்ணிக்குள்ள கிடக்குதே?"

களப்பின் மேற்கோரத்துப் பற்றைகளிலே முதலை கிடப்பதை அவ்வூரில் அறியாத பிள்ளை இல்லை. கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலாமல், மறுநாள் சொல்வதாகக் கூறினேன். அப்படிக் கூறுவதற்கு இப்பொழுது வெட்கப்படுவதில்லை. முதலையின் ஈமோகுளோபினிலே நம்மிடமில்லாத ஒரு வசதி இருக்கிறது. காபனீரொட்சைட்டு ஆக்கும் இருகாபனேற்றே நேராக அதனைப் பற்றி ஒட்சிசனைத் தள்ளி இறக்கிவிடும். நீருக்கடியில் கிடக்கக் கிடக்க இருகாபனேற்று சேர்கிறது. சேரச் சேரக் குருதியிலுள்ள ஒட்சிசன் கடைசித் துளிவரை உடலுக்கு இறங்குகிறது. பெருட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1981ஆம் ஆண்டிலே இதை ஆராய்ந்து எழுதினர். 1995இல் கேம்பிரிட்ஜிலே நகாயி என்பாரின் குழுவினர் மனித ஈமோகுளோபினில் ஒரு டசன் அளவான சிறு மாற்றங்களைச் செய்து, முதலையின் அக்குணத்தை அதற்கும் ஊட்டிக் காட்டினர். பரிசோதனைக் குழாயிலேதான், நம் உடம்பிலே அன்று. இதைக் கேட்ட வகுப்பு, முதலைக் குருதி ஏற்றிக்கொண்டால் எவ்வளவு நேரம் மூழ்கலாம் என்று ஒருவர்க்கொருவர் கணக்கிடத் தொடங்கியபோது மணி அடித்தது.

நீரிலே நினைவிழந்த அந்தப் பையன் பரீட்சை எழுதி முடித்தபின் படிப்பைத் தொடரவில்லை. இப்பொழுது காக்காவின் தோணியிலே கடலுக்குப் போகிறான். சென்ற மாதம் கரையிலே கண்டேன். சுழியோடுவதும் உண்டாம். மேலே ஒருவர் கயிற்றோடு இருந்து எண்ணிக்கொண்டிருப்பாராம்.

"எத்தனை வரைக்கும் எண்ணுவார்?" என்று கேட்டேன்.

"அறுபது, சேர். அதுக்குப் பிறகு இழுத்துப்போடுவார்" என்றான்.